காவல் மாற்றிய தம்பிக்கு

பாட்டி கிடைத்துவிட்டார். உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறார். காலில் முள் கிழித்த காயமும் கொஞ்சம் சளியும் தவிர வேறொன்றும் இல்லை. நான்தான் மணிக்கொரு தரம் எழுந்துபோய் மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன்.

அன்றிரவு எங்களோடு அலைந்த எல்லாருக்கும் நன்றி. கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தவர்கள், சிசிடிவியை மூன்று முறை ஓட்டிக் காட்டிய இரும்புக்கடைச் சீனர், டார்ச்சோடு கால்வாய் ஓரமெல்லாம் தேடிய பக்கத்து வீட்டு மக்சிக்கின் (மலாய்க்கார அம்மாவின்) பிள்ளைகள், வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பிக்கொண்டே இருந்த லோரி ஓட்டுநர்கள். யார் பெயரையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் யார் பெயரையும் எழுதவில்லை.

ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்லியாக வேண்டும். அந்தத் தொழிற்சாலை வாசலில் இரவு ஜாகா (காவல்) வேலை பார்க்கும் நேப்பாளத் தம்பி.

இன்று தொழிற்சாலை நிற்கும் இடம் ஒருகாலத்தில் ரப்பர் தோட்டம். பாட்டி பிறந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, அங்கேதான் இருந்தது. விடிவதற்கு முன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, வாளியைத் தூக்கிக்கொண்டு பால் வெட்டப் போன பிள்ளை அவர். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. அவருடைய அப்பாவைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்த நேதாஜி பெண்களுக்கும் ஒரு படை என்றதும், பாட்டி வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்துவிட்டார். இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படை. கேப்டன் லட்சுமிதான் தலைவி. பாட்டி முதன்முதலில் எழுத்துக் கற்றதும் அங்கேதான். அதுவும் தமிழ் எழுத்து இல்லை, ரோமன் எழுத்தில் இந்துஸ்தானி! அப்புறம் பர்மாவில் ரங்கூன். 1945 ஏப்ரலில் அங்கிருந்து பின்வாங்கியபோது, விமானத்துக்குப் பயந்து பகலில் பதுங்கி இரவில் நடந்த கதையைச் சின்ன வயதில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். திரும்பி வந்து பழையபடி அதே தோட்டத்தில் பால் வெட்டினார். துப்பாக்கி பிடித்த கையென்று அங்கே யாரும் கேட்கவில்லை.

இப்போது அவருக்கு என் பெயர் மறந்துபோகிறது. இந்துஸ்தானி மட்டும் மறக்கவில்லை.

தம்பி சொன்னது இது. இரவு இரண்டு மணி இருக்கும். வெறுங்காலோடு ஒரு கிழவி வந்து கேட்டின் அருகே விறைப்பாக நின்றுகொண்டாராம். பேர் கேட்டால் பதில் இல்லை. உள்ளே வாருங்கள் என்றால் முறைப்பு. நாற்காலி கொண்டுவந்து போட்டும் உட்காரவில்லை. ஏதோ முணுமுணுத்தார், அது இந்தி மாதிரி காதில் விழுந்ததாம். தம்பிக்கு இந்தி தெரியும். தான் காவலில் இருப்பதாகவும் மாற்று ஆள் வராமல் நகர முடியாது என்றும் பாட்டி சொல்லியிருக்கிறார்.

தம்பி என்ன செய்தார் தெரியுமா? தொப்பியைச் சரிசெய்து, பாட்டிக்கு எதிரே வந்து நின்று சல்யூட் அடித்து, "ஜெய் ஹிந்த், மாற்றுக்கு வந்துவிட்டேன். நீங்கள் போய் ஓய்வெடுங்கள்" என்று இந்தியில் சொல்லியிருக்கிறார். பாட்டி பதில் சல்யூட் வைத்தாராம். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பி கொடுத்த தேநீரையும் குடித்தார்.

நாங்கள் போனபோது தம்பியின் காலுறை பாட்டி காலில் இருந்தது. தம்பி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏன் உட்காரவில்லை என்று கேட்டேன். "இப்போது என் முறை அல்லவா" என்றார் மலாயில்.

பாட்டியைக் கொஞ்ச நாளாக நாங்கள் எல்லாரும் திருத்திக்கொண்டே இருந்தோம். பட்டாளம் இல்லை பாட்டி, இது வீடு பாட்டி, போர் முடிந்து எத்தனை வருஷமாச்சு பாட்டி. நானே கதவைப் பூட்டிவிட்டுக் கோபமாகக் கத்தியிருக்கிறேன். இனி மாட்டேன். இரவில் எழுந்து நின்றால் நானும் எழுந்துபோய் மாற்று ஆளாக நிற்கிறேன். அந்த நாலு வார்த்தை இந்தியைத் தம்பியிடமே கேட்டு, தமிழில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

தம்பிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் யாராவது இதை மலாயில் படித்துக் காட்டுங்கள். நானும் சொன்னேன், ஆனால் அழுதுகொண்டே சொன்னதில் பாதி அவருக்கு விளங்கியிருக்காது. காலுறையைத் துவைத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோசையோடு கொண்டுவருகிறேன். பாட்டியும் வருவார்.