வெட்டு வருமுன் திட்டம் வேண்டும்: அரசுப் பல்கலைக்கழக இயக்குநர் வாரியங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் வாரிய உறுப்பினர்களுக்கும் துணைவேந்தர்களுக்கும்,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆண்டுதோறும் தோட்டத்தின் செலவு மதிப்பீட்டை எழுதிய அனுபவத்தில், அரசு ஒதுக்கீடு குறையும் ஆண்டுகளில் உங்கள் முன் உள்ள கணக்கைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

2016இல் ஏறக்குறைய 7.57 பில்லியன் ரிங்கிட்டாக இருந்த 20 அரசுப் பல்கலைக்கழகங்களின் நடப்புச் செலவு ஒதுக்கீடு, 2017இல் 6.12 பில்லியனாகக் குறைந்தது. அந்த வரவு செலவுத் திட்டம் தாக்கலானது 2016 அக்டோபர் 21ஆம் நாள். நடப்புக்கு வந்தது ஜனவரியில். அதாவது, கட்டணம் கட்டி, விடுதியில் பெட்டியை இறக்கிவிட்ட மாணவர்களின் கல்வியாண்டுக்கு நடுவில் வெட்டு விழுந்தது. 2015இல் வெளியான உயர்கல்விப் பெருந்திட்டமோ, பல்கலைக்கழகச் செலவில் 90 விழுக்காடு வரை அரசே தருகிறது என்றும், அறக்கட்டளை நிதி, வக்ஃப் எனும் இஸ்லாமிய அறக்கொடை முதலான பிற வழிகளையும் தேட வேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்தது. ஆகவே வெட்டு எதிர்பாராதது என்று சொல்வதற்கில்லை. அதன் அளவுதான் தெரியாதிருந்தது.

நூறு ரிங்கிட்டில் எழுபது சம்பளத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து ரிங்கிட் குறைந்தால், சம்பளத்தில் கை வைக்க முடியாத நிலையில், மீதமுள்ள முப்பதில்தான் அந்தப் பத்தும் விழும். நூலகச் சந்தா, பகுதிநேர விரிவுரையாளர், ஆய்வுக்கூடப் பொருள், விடுதிப் பராமரிப்பு, வளாகப் பேருந்து எல்லாம் அந்த முப்பதுக்குள் அடங்குபவை. தோட்டத்திலும் இதைக் கண்டிருக்கிறேன். செம்பனை எண்ணெய் விலை சரிந்த ஆண்டுகளில் மேலிடத்திலிருந்து முதலில் வந்த உத்தரவு, உரத்தை நிறுத்து என்பதுதான். அந்த ஆண்டு செம்பனைக் குலை குறையவில்லை. கணக்கிலும் மிச்சம் தெரிந்தது. ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் கழித்தே விளைச்சல் இறங்கியது. அதற்குப் பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் இழந்த அறுவடை திரும்பவில்லை.

என் பேத்தி இரண்டாம் ஆண்டை முடித்திருந்த சமயம், மூத்த மாணவர்களுக்கு இனி விடுதி இடமில்லை என்று பருவம் தொடங்க இரண்டே வாரம் இருக்கும்போது அவளுடைய பல்கலைக்கழகம் அறிவித்தது. வெளியே அறை எடுக்க இரண்டு மாத முன்பணமும் ஒரு மாத வாடகையும் கேட்டார்கள். கல்விக் கடன் பணம் கைக்கு வரப் பல வாரங்கள் இருந்தன. குலை லாரி ஓட்டும் என் மகன், மருமகளின் சங்கிலியை ஒரு கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். செலவைக் குறைத்ததற்காக நான் அந்த நிர்வாகத்தைக் குறை சொல்லவில்லை. ஆறு மாதம் முன்னதாகச் சொல்லியிருந்தால், நாங்கள் மாதம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருப்போம்.

ஒதுக்கீட்டை முடிவு செய்வது நீங்களல்ல என்பதை அறிவேன். ஆனால் ஐந்து, பத்து, இருபது விழுக்காடு குறைந்தால் எதை நிறுத்துவோம், எதை எந்த நிலையிலும் தொடமாட்டோம் என்பதை மாணவர் சேர்க்கைக்கு முன்பே எழுதி, மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் வெளியிடுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. சேர்ந்த நாளில் சொன்ன கட்டணமும் விடுதி விதியும் அந்த மாணவர் படிப்பை முடிக்கும்வரை மாறக்கூடாது. குறுகியகாலப் பயிற்சி, ஆலோசனைப் பணி, கட்டட வாடகை ஆகியவற்றால் வரும் வருமானத்தில் ஒரு பங்கை, நல்ல ஆண்டுகளில் இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

நிதி தேவையென்றால் எங்களிடமும் கேளுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய ஆய்வியல் துறை அமைந்த காலத்தில், ‘தமிழ் முரசு’ நாளிதழை நடத்திய கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியபோது, சாதாரண உழைப்பாளிகளும் தங்கள் வருவாயிலிருந்து கொடுத்தார்கள். என்ன தேவைக்கு, எவ்வளவு வேண்டும் என்று தெரிந்ததால் கொடுத்தார்கள். அதே தெளிவோடு கேட்டால் இன்றும் கொடுப்போம். அடுத்த வரவு செலவுத் திட்டம் நாடாளுமன்றத்துக்கு வருமுன் உங்கள் வாரியம் கூடும் கூட்டத்தில் இதனை எடுத்துப் பேசுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்