மின்பு வழியில் கைகொடுத்தவர்களுக்கு

பர்மாவில் மின்புவின் சேற்று மலையைப் பார்க்க அம்மாவோடு போன வழியில் உதவியவர்களுக்கு இந்த நன்றி. இது போய்ச் சேரவேண்டியவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. பெயரையும் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பியே, மக்வே பக்கம் போய்வருகிற நம்மவர்கள் யாராவது படித்துவிட்டு வாய்ச்சொல்லாகச் சேர்த்துவிடுவார்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அப்போது 76 வயது. அவருடைய அப்பா யேனஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்தவர். 1942-இல் பிரிட்டிஷ்காரர்கள் கிணறுகளை அழித்துவிட்டுப் பின்வாங்கியபோது, கட்டிய வேட்டியோடு தெற்கே நடந்தவர். "மின்புவில் ஒரு புற்று இருக்கு, அடுப்பில்லாமக் கொதிக்கும்" என்று அவர் சொன்ன கதையை அம்மா சின்ன வயதிலிருந்து மனசில் வைத்திருந்தார். 2019 மாசியில் ஒருவழியாக யாங்கோனிலிருந்து கிளம்பினோம்.

எங்கள் கார் ஜப்பானிலிருந்து வந்த பழசு. 1970-இலேயே நாடு சாலையின் வலப்பக்கம் மாறிவிட்டது, ஸ்டீயரிங் மட்டும் இன்னும் வலப்பக்கம். முன்னால் போகிற லாரியைத் தாண்டவேண்டுமென்றால் இடப்பக்கம் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். அம்மா முந்நூறு மைலும் "இப்பப் போ", "ஐயோ, போகாதே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். முதல் நன்றி அவருக்கு.

பியேயில் சோறு போட்டு, வழிக்கு மோர் கட்டிக்கொடுத்த சித்தி வீட்டாருக்கு அடுத்தது.

அவுங்லான் தாண்டி வெயில் உச்சியில் ஃபேன் பெல்ட் அறுந்தது. கிளம்பும் முன் அதைப் பார்க்காதது என் தப்பு. சுற்றிலும் பனைமரங்கள், ஒரு கருப்பட்டிக் குடிசை. அந்த வீட்டுப் பெண் அம்மாவைக் கையைப் பிடித்து நிழலுக்கு அழைத்துப்போனார். கொப்பரையில் பதநீர் காய்ந்துகொண்டிருந்தது. பாகு இறுகியதும் சூடு ஆறுவதற்குள் விரலால் கிள்ளி உருட்டிப் போடுகிறார்கள், ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு. வறுத்த கடலையும் வெறுந்தேநீரும் வந்தன. "நம்ம ஊரு வாசனைடா" என்றார் அம்மா. அவர் தமிழ்நாட்டைக் கண்ணால் பார்த்ததில்லை.

எள் மூட்டை ஏற்றிவந்த லாரிக்காரர் ஒருவர் கேட்காமலே நிறுத்தினார். அவரிடமிருந்த பெல்ட் எங்கள் வண்டிக்குக் கொஞ்சம் நீளம். ஆல்டர்னேட்டர் போல்டைத் தளர்த்தி, அதை வெளியே தள்ளிப் பிடித்து, பெல்ட் விறைத்ததும் முடுக்கினார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பணத்தை நீட்டினால் "யாபாடே" (பரவாயில்லை) என்று கையை உதறிவிட்டு ஏறிப்போய்விட்டார். அய்யா, அந்த பெல்ட்தான் எங்களை யாங்கோன் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

மறுநாள் மக்வே பாலத்தில் ஐராவதியைத் தாண்டி மின்பு. அப்போது பாகானுக்கும் இன்லேக்கும் பஸ் பஸ்ஸாகச் சுற்றுலா போனவர்கள் இந்தப் பக்கம் ஏன் திரும்பவில்லையோ தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் மொட்டையாகக் கூம்புகள், புல்கூட இல்லை. காய்ந்த சேறு கோடைக்குளம் மாதிரி வெடித்துக் கிடக்கிறது, அதன்மேல் புதுச்சேறு நெளிந்து வழிகிறது. இது நெருப்பு மலை இல்லை, சேற்று மலை. அடியிலிருக்கும் இயற்கை வாயு உப்புநீரையும் களிமண்ணையும் விரிசல் வழியே மேலே தள்ளுகிறது. வழிந்தது காய்ந்து காய்ந்து கூம்பாகிறது. யேனஞ்சாங்கில் எண்ணெய் எடுக்கிற அதே பூமிதான். பர்மாக்காரர்களுக்கு இது நாகங்கள் குடியிருக்கிற மலை. அம்மாவுக்கும் அதில் சந்தேகமே இல்லை. புற்றென்றால் பாம்பு இருக்கத்தானே செய்யும்?

செருப்பைக் கழற்றி ஏறினோம். இரண்டாவது எட்டில் அம்மாவுக்குச் சறுக்கியது. பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை, கன்னம் நிறையத் தனாக்கா என்கிற மரப்பட்டைப் பூச்சு, கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "அப்வா, அப்வா" (பாட்டி, பாட்டி) என்று இடுப்பைத் தாங்கிக்கொண்டாள். எந்த இடம் கெட்டி, எது மேலே மட்டும் காய்ந்தது என்று அவள் பாதத்துக்குத் தெரிந்திருந்தது. உச்சியில் கிணறு மாதிரி ஒரு வாய். சேறு மெதுவாக உப்பி, தோல் மெலிந்து பளபளத்து, "ப்ளக்" என்று உடைந்து அடங்கியது. மேலே எண்ணெய்ப் படலம் வானவில்லாக மிதந்தது. அந்தப் பிள்ளை விரலால் கொஞ்சம் தொட்டு அம்மாவின் மணிக்கட்டில் தடவினாள். சுடும் என்று நான் பதறினேன். குளுகுளுவென்று இருந்ததாம். "அப்பா பொய் சொல்லல, ஆனா கொதிக்கவும் இல்ல" என்று அம்மா அவளைப் பார்த்துத் தமிழிலேயே சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

கீழே வந்து குடத்துத் தண்ணீரில் அம்மாவின் காலைக் கழுவிவிட்டவளும் அவள்தான். வாங்கிய பூவுக்கு மட்டும்தான் காசு எடுத்தாள்.

அந்தச் சாலையில் போகிறவர்கள் கருப்பட்டிக் குடிசையில் வண்டியை நிறுத்தி ஒரு வீசையாவது வாங்குங்கள். எங்கள் எவர்சில்வர் முறுக்கு டப்பா அங்கே இருக்கும். மறந்துவிட்டோம் என்று கொண்டுவந்துவிட வேண்டாம். அம்மா வேண்டுமென்றேதான் விட்டுவந்தாராம்.