பச்சை உருண்டையை முழுங்கிய நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

நலம்தானே? மூக்கு சரியாகிவிட்டதா?

போன வெள்ளிக்கிழமை சுஷிக் கடையில் நடந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. தட்டின் ஓரத்தில் இருந்தது வசாபி என்கிற ஜப்பானியக் கார விழுது என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நீ அதைப் பட்டாணி மசியல் என்று நினைத்து மொத்தமாக வாயில் போட்டுவிட்டாய். கண்ணில் தண்ணீர் கொட்ட, மேஜை விளிம்பைப் பிடித்தபடி நீ உட்கார்ந்திருந்ததைப் பக்கத்து மேஜைக் குழந்தை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. அதன்பிறகு நீ வெள்ளரிக்காய் ரோலைத் தவிர வேறெதையும் தொடவில்லை. வெளியே வந்ததும் "இனி இந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்" என்றாய்.

அந்தச் சபதத்தைக் கலைக்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சமாதானம். நீ சாப்பிட்டது பெரும்பாலும் அசல் வசாபியாக இருக்காது. அந்தச் செடியை வளர்ப்பது சிரமம், விலையும் அதிகம். அதனால் நிறையக் கடைகளில் ஹார்ஸ்ராடிஷ் என்கிற காரக்கிழங்கோடு கடுகும் பச்சை நிறமும் சேர்த்த விழுதைத்தான் வைப்பார்கள். இரண்டிலும் காரம் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். மிளகாய் போல நாக்கில் தங்காமல் ஆவியாகி மூக்குக்கு ஏறும், ஏறின வேகத்திலேயே இறங்கியும் விடும். போலியிடம் போய் அடி வாங்கினாயே என்று உன்னைக் கேலி செய்ய மாட்டேன். சரி, கொஞ்சம் செய்வேன்.

ஆனால் நான் முதல்முறை போனபோது செய்ததும் ஒன்றும் குறைச்சல் இல்லை. நிகிரியை, அதாவது கையால் பிடித்த சாதத்தின் மேல் மீன் துண்டு வைத்த சுஷியை எடுத்து, சாதப் பக்கத்தைச் சோயா சாஸில் நன்றாக முக்கினேன். சாதம் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொண்டு உடைந்து கிண்ணத்துக்குள் விழுந்தது. கறுப்புத் தண்ணீரில் பருக்கைகள் மிதக்க, குச்சியில் மீன் துண்டு மட்டும் தொங்கியது. கவுன்டருக்குப் பின்னால் நின்ற பெரியவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வேறு கிண்ணம் வைத்தார். பிறகு வெறும் விரல்களால் ஒரு நிகிரியைப் பிடிப்பது போலக் காட்டி, கையைச் சாய்த்து, மீனின் நுனி மட்டும் சாஸில் பட்டால் போதும் என்று சைகை செய்தார். நிகிரியைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஜப்பானிலும் அது தவறில்லை. அன்று குச்சியோடு நீ போட்ட மல்யுத்தம் தேவையே இல்லாதது.

இன்னொன்று. சட்டை மடிப்புக் கலையாமல், தேர்வு எழுத வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தாய். நிகிரியின் பூர்வீகம் தெரிந்தால் உனக்கே சிரிப்பு வரும். ஆதியில் மீனை உப்பும் சாதமும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். பிறகு சாதத்தை வீசிவிட்டு மீனை மட்டும் சாப்பிடுவார்கள். காலப்போக்கில் அவ்வளவு காத்திருக்கப் பொறுமையில்லாமல் சாதத்தில் வினிகரைச் சேர்த்துப் புளிப்பைக் கொண்டுவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், அந்தச் சாதத்தைக் கையால் பிடித்து மேலே மீன் வைத்து விற்கத் தொடங்கினார்கள். ஹனாயா யோஹெய் என்பவரைத்தான் இதற்கு முன்னோடியாகச் சொல்வார்கள். தள்ளுவண்டி முன்னால் நின்றபடியே தின்றுவிட்டுப் போகிற அவசரத் தீனி அது. அதற்குப் போய் நீ அவ்வளவு விறைப்பாக உட்காருவானேன்?

நீ வாய்விட்டுச் சொல்லாத பயம் பச்சை மீன்தான் என்பது எனக்குத் தெரியும். அது நியாயமான பயம். மீனில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்கலாம். அதனால்தான் பச்சையாகப் பரிமாறும் பல மீன்களை முன்கூட்டியே உறையவைக்கிறார்கள். மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் கணக்குகளில் ஒன்று. உறையவைப்பதால் புழு சாகும், பாக்டீரியா எல்லாம் செத்துவிடாது. ஆகவே சுத்தமும் குளிர்ச்சியும் கடைசிவரை வேண்டும். மீன் நாற்றம் அடிக்கிற கடையில் நானும் உட்கார மாட்டேன். பெரியவர் கடையில் கண்ணாடிப் பெட்டி எதிரிலேயே இருக்கிறது, கத்தியையும் பலகையையும் அவர் எத்தனை முறை துடைக்கிறார் என்று எண்ணிக்கொண்டே சாப்பிடலாம்.

அப்புறம், தங்கச்சியையும் கூட்டிவருவதாக இருந்தால் ஒரு விஷயம். கர்ப்பமாக இருக்கும்போது பச்சை மீன் வேண்டாம். சுஷி என்றாலே பச்சை மீன் இல்லை, அந்தப் பெயர் வினிகர் சாதத்தைச் சார்ந்தது. சாதம் இல்லாமல் மீனை மட்டும் அரிந்து வைத்தால் அது சஷிமி. நன்றாக வெந்த இறால், முழுதாக வேகவைத்த முட்டை, வெள்ளரிக்காய் ரோல் என்று அவளுக்கும் சாப்பிட இருக்கிறது. பச்சை மீன் வெட்டிய கத்தி படாமல் தனியாகச் செய்யச் சொல்லி நான் முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன்.

நாம் அன்று மேஜையில் உட்கார்ந்ததும் என் தப்புதான். கவுன்டரில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் இடது கைக்காரன் என்று பெரியவரிடம் சொன்னதே இல்லை. மூன்றாவது முறையோ நான்காவது முறையோ போனபோது கவனித்தேன், எனக்கு வைக்கிற துண்டுகள் மட்டும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன, என் கை வந்து எடுக்கத் தோதாக. தட்டில் வைத்ததும் நிகிரி ஒரு மயிரிழை அளவு அமுங்கும், பார்த்திருக்கிறாயா? சாதத்தை அவர் அழுத்திப் பிசைவதில்லை, உள்ளே காற்று நிற்கும்படி பிடிக்கிறார். அதுவும் உடம்புச் சூட்டில் இருக்கும். உடனே சாப்பிட்டால் வாயில் பருக்கை பருக்கையாகப் பிரியும். நீ போனில் படம் எடுத்து முடிப்பதற்குள் அது ஆறிப்போய்விட்டது.

நேற்று போயிருந்தேன். உட்காருவதற்குள் "உங்கள் நண்பர் எங்கே?" என்று கேட்டுவிட்டு, மூக்கைப் பிடித்துக் காட்டிச் சிரித்தார். உனக்கு மட்டும் வசாபி இல்லாமல் செய்து தருவாராம். வியாழக்கிழமை ஏழு மணிக்குக் கவுன்டரில் அவருக்கு நேர் எதிரே மூன்று இருக்கை சொல்லி வைத்திருக்கிறேன். வரும்போது கைக்குட்டை ஒன்று எடுத்து வா, எதற்கும் இருக்கட்டும்.

உன்,
இடது கைக்காரன்