நாளை புனிதப் பள்ளத்தாக்கு: இன்றிரவே படித்துவிடுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நாளைக் காலை 6:45க்கு, பெருவில் நாம் தங்கியிருக்கும் கூஸ்கோ நகர விடுதி வாசலில் வண்டி நிற்கும். சுற்றுலாச் சீட்டு கையில் இருக்கட்டும். பழைய இன்கா பேரரசின் இடிபாடுகளான பிசாக், ஒய்யாந்தைதாம்போ இரண்டுக்கும் அதுவே போதும். மாராஸ் உப்புப் பாத்திகளுக்கு மட்டும் தனிக் கட்டணம், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாத்திகளுக்குள் இறங்க அனுமதி கிடையாது.

உயரத்தால் தலைவலி என்று சொன்னவர்கள் தயங்காமல் வாருங்கள். கூஸ்கோ 3,400 மீட்டர் உயரம், ஒய்யாந்தைதாம்போ சுமார் 2,800தான். இறங்க இறங்க உடம்பு லேசாகும்.

பிசாக்கில் மலைச்சரிவு முழுக்க அடுக்கடுக்கான இன்கா வயல்களைப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் கிளம்புவோம். ஒய்யாந்தைதாம்போவுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன், அது தகும். படிகள் செங்குத்து, நிதானமாக ஏறுங்கள். உச்சியில் ஆறு பெரிய இளஞ்சிவப்புக் கற்கள் வரிசையாக நிற்கும். இரண்டு கல்லுக்கு நடுவே மெல்லிய கல் பட்டை செருகியிருப்பதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். உருபாம்பா ஆற்றின் எதிர்க்கரை மலையில் வெட்டி, ஆற்றைக் கடத்திக் கொண்டுவந்த கற்கள் அவை! 1537இல் இன்கா மன்னர் மாங்கோ இன்கா ஸ்பானியப் படையை விரட்டியதும் இங்கேதான். தண்ணீரைத் திருப்பிவிட்டுக் கீழே சமவெளியை மூழ்கடித்தார், குதிரைகள் தடுமாறிப்போயின.

காலையில் குளிரும், பத்து மணிக்கு மேல் வெயில் சுடும். தொப்பியும் ஸ்வெட்டரும் அவசியம். அப்புறம், ஒய்யாந்தைதாம்போவிலிருந்தே மாச்சு பிச்சு ரயில் பிடிப்பவர்கள் பையோடு வாருங்கள். யார் யார் என்று இன்றிரவு 9 மணிக்குள் இங்கே சொல்லிவிடுங்கள்.