தடைபடுவதுதான் கதையே

ஆசிரியர் அவர்களுக்கு,

கலை படைக்கப் போராடும் பெண்களைப் பற்றிய புதிய ஓபராவுக்கு (கதை முழுவதையும் பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகத்துக்கு) உங்கள் இதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். இசையைப் பற்றியும் பாடகிகளைப் பற்றியும் நிதானமாக, ரசித்து எழுதியிருந்தார் விமர்சகர். ஆனால் நடனத்துக்கு வந்ததும் ஒரே வரிதான். அது கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறதாம், குறைத்திருக்கலாமாம். அந்த வரியை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை.

அவரே விவரிக்கிற காட்சி ஒன்று இருக்கிறது. பாடகி ஓரமாக நின்று பாட, அதே பாத்திரமாக வரும் நடனப் பெண் மேசைக்கு வந்து உட்காருகிறாள், எழுதத் தொடங்குகிறாள், எழுந்து போகிறாள், மறுபடி வருகிறாள். இது திரும்பத் திரும்ப வருவது சலிப்பூட்டுகிறது என்கிறார். சலிப்பூட்டட்டுமே! எழுத உட்கார்ந்த பெண்ணை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பதும், திரும்பி வரும்போது மனசில் இருந்தது கலைந்துபோயிருப்பதும், அப்புறம் முதலிலிருந்து ஆரம்பிப்பதும்தானே இந்தக் கதையே. அதைத் தடங்கலே இல்லாமல் சொன்னால் எப்படி?

ஓபராவில் எந்தத் துயரமும் அழகான குரலாக மாறித்தான் நம் காதுக்கு வரும். காசநோயில் சாகிற நாயகிகூட கடைசி மூச்சுவரை அரங்கம் நிறையப் பாடுவாள், நாமும் கண்ணீரோடு கைதட்டுவோம். காதலுக்கும் சாவுக்கும் அது பொருந்தும். ஆனால் "என்னால் எழுத முடியவில்லை" என்று ஒருத்தி அருமையாகப் பாடி முடிக்கும்போது, கேட்கிறவர் மனசில் அவள் ஜெயித்துவிடுகிறாள். பாதியில் நின்றுபோனதைப் பாட்டில் காட்டுவது கஷ்டம். உடம்பு காட்டிவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் பியானோ கலைஞர் கிளாரா ஷூமனை எடுத்துக்கொள்ளுங்கள். தான் எழுதிய பியானோ கான்செர்ட்டோவை, அதாவது பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, 16 வயதில், லைப்சிக் நகரில், இசையமைப்பாளர் ஃபீலிக்ஸ் மெண்டல்சோன் இசைக்குழுவை நடத்த, தானே வாசித்து அரங்கேற்றியவர். அவரே 1839இல், 20 வயதில், நாட்குறிப்பில் எழுதுகிறார்: படைக்கும் திறமை எனக்கு இருப்பதாக ஒரு காலத்தில் நம்பினேன், அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன், பெண் இசையமைக்க ஆசைப்படக் கூடாது, இதுவரை ஒருத்தியாலும் முடிந்ததில்லை என்று. அதற்குப் பிறகும் எழுதினார்தான், ஆனால் 1850களின் நடுவில் அது ஏறக்குறைய நின்றேபோனது. பியானோ வாசிப்பது மட்டும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது, ஐரோப்பா முழுக்கப் பாராட்டும் கிடைத்தது. வாசிக்கிற கைக்கு மரியாதை, எழுதுகிற கைக்குச் சந்தேகம், இரண்டும் ஒரே பெண்ணின் கைகள். பாட்டில் வைத்தால் இது ஒரு தகவலாகக் கடந்துபோகும், நல்ல நடன அமைப்பாளர் கையில் கிடைத்தால் முழுக் காட்சியே எழும்.

ஒரு பாத்திரத்துக்கு இரண்டு பேர் என்பது புதுமைக்காகச் செய்த வித்தையும் இல்லை. 1975இல் ஜெர்மன் நடன அமைப்பாளர் பினா பௌஷ், வூப்பர்டால் நகரில், பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் குளுக்கின் ஆர்ஃபியஸ் ஓபராவை மேடையேற்றியபோது முக்கியப் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடகர், ஒரு நடனக் கலைஞர் என்று வைத்தார். பாரிஸ் ஓபராவின் பாலே குழுவும் பின்னாளில் அதை எடுத்து ஆடியது. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பாடகியைச் சுற்றி வெள்ளை உடையில் நாலு பேர் சுழன்றால் அது வேதனையைச் சொல்லிவிடாது, அப்படிப்பட்ட மேடைகள் எனக்கும் அலுத்துவிட்டன. விமர்சகர் சொல்லும் மேசைக் காட்சி அந்த வகை இல்லை.

இன்னும் பின்னால் போனால், ஒரு பெண் இசையமைத்து இன்றும் நமக்குக் கிடைக்கிற ஓபராக்களில் மிகப் பழையது இத்தாலியப் பெண் ஃபிரான்செஸ்கா கச்சினி எழுதியது, 1625இல் ஃபுளோரன்ஸில் அரங்கேறியது. அதிலேயே நடனம் உண்டு, முடிவில் குதிரைகளை வைத்து ஒரு பாலேகூட உண்டு. அதை எழுதச் சொன்னவர் அப்போது அங்கே ஆட்சிப் பொறுப்பில் இருந்த அரச குடும்பத்துப் பெண் மரியா மதலேனா. கேட்டு எழுத வைக்க ஆள் இருந்தது என்பதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் 1903இல் ஆங்கிலேய இசையமைப்பாளர் எத்தல் ஸ்மைத்தின் ஓபரா மேடையேறிய பிறகு, அடுத்த பெண் இசையமைப்பாளரின் படைப்பு அங்கே வர 2016 ஆனது, பின்லாந்தின் கையா சாரியாஹோ வந்தபோது. 113 வருஷம்! இடையில் எத்தனை பெண்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்து எழுந்து போயிருப்பார்கள்?

எழுதி முடித்து மேடைக்குக் கொண்டுவந்துவிட்டால் அடுத்த சிக்கல் பெயரில். ஃபேனி மெண்டல்சோனின் சில பாடல்கள் தம்பி ஃபீலிக்ஸ் பெயரில் அச்சாயின, கிளாராவுக்கு இசைக்குழுவை நடத்திய அதே மெண்டல்சோன்தான் இந்தத் தம்பி. 1842இல் விக்டோரியா மகாராணி தனக்குப் பிடித்ததென்று ஃபீலிக்ஸ் முன்னாலேயே அவற்றில் ஒன்றைப் பாட, அது அக்கா எழுதியது என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று. பிரெஞ்சுப் பெண் இசையமைப்பாளர் லூயிஸ் பெர்த்தான் கதை இன்னும் கொடுமை. எழுத்தாளர் விக்டர் ஹியூகோ தன் நாவலிலிருந்து தானே பாடல் வரிகள் எழுதிக் கொடுத்து, பெர்த்தான் இசையமைத்த ஓபரா 1836இல் பாரிஸில் மேடை ஏறியது. ஒத்திகைகளைப் பார்த்துக்கொண்டவர் இசையமைப்பாளர் பெர்லியோஸ். அவ்வளவுதான், நல்ல பகுதிகளெல்லாம் பெர்லியோஸ் எழுதியவை என்று பேச்சு கிளம்பியது. அவர் மறுத்தும் பேச்சு நிற்கவில்லை. பெர்த்தான் அதற்குப் பிறகு 40 வருஷம் வாழ்ந்தார், ஓபரா எதுவும் எழுதவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் விமர்சனத்தில் இசையமைப்பாளர் பெயர் இருக்கிறது, இசைக்குழுவை நடத்தியவர் பெயர் இருக்கிறது, பாடகிகள் எல்லார் பெயரும் இருக்கிறது. நடனத்தை அமைத்தவரின் பெயர் எங்குமே இல்லை, மேசைக்கும் கதவுக்கும் நடுவே அலைந்த அந்த நடனப் பெண்ணின் பெயரும் இல்லை. பெண்களின் பெயர் விட்டுப்போவதைப் பற்றிய ஒரு படைப்புக்கான விமர்சனத்திலேயே இப்படி நடந்திருக்கிறது. அடுத்த இதழில் அவர்கள் இருவர் பெயரையும் திருத்தமாக வெளியிடுங்கள். முடிந்தால் அந்த நடன அமைப்பாளரிடம் ஒரு பேட்டி எடுங்கள், அந்த மேசைக் காட்சியை ஏன் அத்தனை முறை வர வைத்தார் என்று அவரிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி