தரம் பிரிக்காமல் வளம் கிடைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளாஸ்டிக் கழிவை வளமாக மாற்றுவது குறித்த விவாதங்கள் பெரும்பாலும் ஆலைகளையும் இயந்திரங்களையும் சுற்றியே நடக்கின்றன. அந்த ஆலைக்குள் எந்த நிலையில் கழிவு போய்ச் சேருகிறது என்பது போதிய கவனம் பெறவில்லை. 2015 வரை உலகில் சேர்ந்த சுமார் 630 கோடி டன் பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 9 சதவீதமே மறுசுழற்சி செய்யப்பட்டது என்பதை நினைத்தால் வேதனையே மிஞ்சுகிறது.

ஒரு தண்ணீர் பாட்டிலையே எடுத்துக்கொள்வோம். அதன் உடல் ‘பெட்’ (PET) எனும் பிளாஸ்டிக் வகை. மூடியோ பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் எனும் வேறு வகைப் பிளாஸ்டிக். துண்டுகளாக நறுக்கித் தண்ணீரில் இட்டால் பெட் மூழ்கும், மூடித் துண்டுகள் மிதக்கும் என்பதால் இவற்றைப் பிரிப்பது எளிது. ஆனால், பிவிசி (PVC) எனும் மற்றொரு வகைப் பிளாஸ்டிக் சிறிதளவு கலந்துவிட்டாலும், உருக்கும்போது அதிலிருந்து வெளியேறும் அமிலம் பெட்டின் தரத்தைக் கெடுத்து, புதிய பாட்டிலுக்கோ நூலிழைக்கோ பயன்படாமல் செய்துவிடும். பல அடுக்குகளை ஒட்டித் தயாரிக்கும் நொறுக்குத்தீனி உறைகளைப் பிரிப்பதோ மிகவும் கடினம்.

ஆகவே, உறைகளை ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் தயாரிக்க உற்பத்தியாளர்களை அரசுகள் சட்டப்படி கட்டாயப்படுத்த வேண்டும். வெறுங்கையால் கழிவைக் கிளறித் தரம் பிரிக்கும் தொழிலாளர்களே இந்தத் தொழிலின் ஆணிவேர் என்பதால், அவர்களுக்குக் கையுறையும் நிலையான ஊதியமும் மருத்துவப் பாதுகாப்பும் வழங்க அந்த உற்பத்தியாளர்களிடமிருந்தே கட்டணம் வசூலிக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்