தமிழ் வகுப்புப் பெற்றோருக்கு: நேரம் மாறுது, கார் ஓட்டும்போது கவனம்

எல்லோருக்கும் வணக்கம்.

நவம்பர் 1, ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகுது. ரொறன்ரோவில் இனி 5 மணி தாண்டவே பொழுதுபட்டுவிடும். 4ஆம் திகதி புதன், 6.30க்கு வகுப்பு முடிய வெளியே கும்மிருட்டு.

போன கிழமை மழை விட்ட பிறகு ஸ்ரொப் சைனில் பிரேக் பிடித்தேன். நனைந்த மேப்பிள் இலையில் ரயர் வழுக்கி, கார் வெள்ளைக்கோட்டைத் தாண்டித்தான் நின்றது. நல்லகாலம், குறுக்கே ஒருவரும் வரவில்லை. இன்னும் நெஞ்சு படபடக்குது.

1. இலை கிடக்கும் தெருவில் மெதுவாக வாருங்கோ. முன் காருக்கு நல்ல இடைவெளி விடுங்கோ.
2. ஹெட்லைற்றை நீங்களே போடுங்கோ. பகலில் தானாக எரியும் முன்விளக்கு மட்டும் எரிந்தால் பல கார்களில் பின்விளக்கு எரியாது.
3. போனைத் தொட வேண்டாம். ஒன்ராறியோவில் முதல்தரம் பிடிபட்டாலே குற்றப்பணம் 615 டொலரில் தொடங்கும், லைசென்சும் 3 நாளுக்குப் போகும்.
4. பிள்ளைகளைப் பின் பார்க்கிங்கில் மட்டும் ஏற்றுங்கோ. தெருவோரம் நிறுத்தவே வேண்டாம்.
5. பிள்ளைகளுக்கு வெளிர் நிற ஜக்கெற்.

வாசலில் ரோர்ச்சோடு நிற்க இரண்டு பேர் தேவை. யார் வரலாம்? ஒக்ரோபர் 30, வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கோ. வாசித்தவர்கள் ‘சரி’ என்று எழுதுங்கோ.